இரண்டு குலுக்கல்

கடாக்கொம்பு விடுதியில் ஐம்பது வயதானவனும் ‘பையன்’தான். வாடகைச் சாரட்டில் பூட்டிய குதிரையின் மேலேயே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு இங்கிலாந்தின் வடக்குச் சாலை நெடுகிலும் அதுதான் பெயர். வாயில் மூன்றே பல் மிச்சமிருந்த ஸ்கெல்டனும் பையன், அவருக்குப் பேரன் வயதில் வந்து சேர்ந்த ஏமஸ் ட்ரூரியும் பையன். அதனால், வந்து நான்கு வருஷமாகியும் ஏமஸின் முகத்தில் ஒரு முடிகூட முளைக்காததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“விடுடா, தாடி எதுக்கு? சூப்பு ஒட்டும்” என்று ஸ்கெல்டனே ஒருமுறை ஆறுதல் சொன்னார்.

இந்த ஏமஸ் ஒரு பெண். பெயர் கெசியா. உண்மையான ஏமஸ் அவளோடு பிறந்த இரட்டை. கால் மணி நேரம் மூத்தவன். சதுப்பு நிலத்தில் குதிரை பழக்கிக்கொண்டிருந்த ஒருவரின் பிள்ளைகள் இருவரும். அப்பா போன பிறகு ஹார்ல்ஸ்பி ஊரில் இந்தக் கடாக்கொம்பு விடுதியை நடத்திய மிஸஸ் பாக்லிங்டனிடமிருந்து அண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது: குதிரை தெரிந்த, கனமில்லாத ஆள் தேவை, ஈஸ்டருக்குள் வரவும். ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது முறைக்காய்ச்சலில் அண்ணன் போய்விட்டான். கடிதம் தலையணைக்கு அடியிலேயே இருந்தது. அவனைப் புதைத்துவிட்டு வந்த கெசியா, ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியால் தன் முடியை வெட்டினாள். அவனுடைய கால்சட்டையை மாட்டிக்கொண்டாள். அந்தக் கடிதத்தோடு நாற்பது மைல் நடந்தாள். பெண்ணாகப் போயிருந்தால் யாராவது ஒருவர் வீட்டில் பாத்திரம் துலக்கியிருக்கலாம். குதிரை இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்கலாம் என்றுதான் வந்தாள்.

மாட்டிக்கொள்ளாமல் இருந்ததற்கு அந்தத் தொழிலின் ஏற்பாடே காரணம். பையன்களுக்கு முறை உண்டு. முதல் முறைக்காரன் பூட்ஸைக் கழற்றக் கூடாது; வலது காலில் வண்டியின் ஏர்க்கால் இடித்துவிடாமல் இருக்கக் கட்டும் இரும்புக் காப்பையும் அவிழ்க்கக் கூடாது. “முதல் முறை, வெளியே!” என்று முற்றத்தில் குரல் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் குதிரைமேல் இருக்க வேண்டும். வைக்கோல் பரணில் எல்லோருமே பாதி உடுப்போடுதான் படுத்தார்கள். முழு உடுப்போடு படுப்பவனை ‘வேலையில் கெட்டிக்காரன்’ என்றார்கள்.

அந்த முற்றத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவன் முடியாமல் கிடந்தால் இன்னொருவன் அவனுடைய முறையை எடுத்துக்கொள்ளலாம். எல்லோர் காதிலும் விழ, “அந்த முறை என்னுது” என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்கக் கூடாது. சொன்ன பிறகு திருப்பிக் கேட்கவும் கூடாது. ஸ்கெல்டனின் மனைவி செத்த அன்று அவருடைய முறையை அப்படித்தான் எடுத்துக்கொண்டான் கிடியன் லாமிங். ஸ்கெல்டன் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

கிடியன் பையன்களிலேயே பெரிய ஆகிருதி. அதனால் நான்கு குதிரை பூட்டிய சாரட்டு என்றால் வண்டியை ஒட்டிய பின்ஜோடி அவனுக்கு. கனமில்லாத ஏமஸுக்கு முன்ஜோடி. கிரான்தம் வரை பதினோரு மைல். மேடு வரும்போதெல்லாம் பின்னாலிருந்து அவன் குரல் கொடுப்பான்: “போ, பின்னாடி நான் இருக்கேன்!” அந்தக் குரல் வந்த பிறகுதான் அவள் குதிரைகளை முடுக்குவாள். அங்கே வேறு குதிரைகள் பூட்டிச் சாரட்டு மேலே போய்விடும்; திரும்பி வரும்போது அது இருக்காது. களைத்த குதிரைகளை நடக்கவிட்டு இருவரும் அருகருகே வருவார்கள். ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பாதியாகப் பிய்த்துக் கொடுப்பான். கட்டைக் குரலில் பாடுவான். ஒரு நவம்பரில் அவளுடைய விரல்கள் நீலம் பாரித்ததைப் பார்த்துவிட்டுத் தன் கையுறையைக் கழற்றி அவள் மடியில் போட்டான். அவளுடைய மணிக்கட்டே அதற்குள் போயிற்று. உள்ளே அவன் சூடு இருந்தது. அன்றைக்கு அவள் கடிவாளத்தை எப்படிப் பிடித்தாள் என்று குதிரைக்குத்தான் தெரியும்.

ஒரு வருஷம் நான்காயிற்று. அவள் கேட்டதெல்லாம் திரும்பி வரும் அந்தப் பதினோரு மைலைத்தான், அவன் பக்கத்தில். பெண் என்று தெரிந்தால் அது போய்விடும். மிஸஸ் பாக்லிங்டன் வெளியே தள்ளுவாள் என்பது ஒன்று. கிடியனுக்குப் பொய் ஆகாது என்பது அதைவிடப் பெரிது. நொண்டும் குதிரையை நல்ல குதிரை என்று சொல்லிக் கொடுத்த ஒருத்தனோடு, அவன் வேலையை விட்டுப் போகும்வரை கிடியன் ஒரு வார்த்தை பேசவில்லை. குதிரை விஷயத்துக்கே அப்படி. நான்கு வருஷப் பொய்க்கு என்ன செய்வான்?

ராஜாவுக்குப் புத்தி பேதலித்து, மகன் அவருக்குப் பதிலாக ஆண்டுகொண்டிருந்த காலம். ஸ்பெயினில் போனபார்ட்டின் பிரெஞ்சுப் படையோடு சண்டை. ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு செப்டம்பரில், மாவட்டப் படைக்கு ஆள் எடுக்கக் கான்ஸ்டபிள் வீடு வீடாக வந்தார். பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து வயதுவரை உள்ள ஆண்களின் பெயரையெல்லாம் எழுதித் தேவாலயக் கதவில் ஆணி அடித்து மாட்டினார். குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவன் போக வேண்டும், அல்லது தனக்குப் பதில் ஆளைக் காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது கெசியா அந்தக் கதவில் தன் அண்ணனின் பெயரைப் பார்த்தாள். சதுப்பு நிலத்தில் மண்ணுக்கடியில் கிடக்கிறவனைப் படைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

பெயரை அடிக்கச் சொல்லி மனுக் கொடுக்க ஒரு செவ்வாய்க்கிழமையை ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்கு ஊரில் திடீரென்று நொண்டிகள் பெருகினார்கள். ரொட்டிக்காரர் இரண்டு காதும் கேட்கவில்லை என்று போனார், வெளியே யாரோ “மாமா, உங்க அடுப்புல புகை!” என்று கத்த, திரும்பிப் பார்த்து மாட்டிக்கொண்டார். பெண் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கெசியாவின் பெயரை அங்கேயே அடித்திருப்பார்கள். அவள் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, தேய்த்த குதிரையையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“போடா, தாடி இல்லேன்னு மனுக் குடு. இரக்கப்பட்டு விட்டுருவாங்க” என்றார் ஸ்கெல்டன்.

கிடியன் சிரிக்கவில்லை. அவர் போகும்வரை காத்திருந்தான். “ஏமஸ், நீ ஏதாச்சும் சொல்லணுமா?”

“என்ன சொல்லணும்?”

“யார்கிட்டயாவது. என்கிட்டயாவது.”

“ஒண்ணுமில்லியே.”

“சரி” என்றான். தூரிகையை அவள் கையிலிருந்து வாங்கிக் குதிரையின் மறுபக்கத்துக்குப் போனான். செவ்வாய்க்கிழமை அப்படிப் போயிற்று.

குலுக்கலில் ஹார்ல்ஸ்பிக்கு இரண்டு சீட்டு விழுந்தது. ஒன்று ரொட்டிக்காரருக்கு. இன்னொன்று ஏமஸ் ட்ரூரிக்கு.

எட்டு நாளுக்குள் கிரான்தமில் வைத்தியர் முன்னால் போய்ச் சட்டையைக் கழற்றி நிற்க வேண்டும். கெசியா ஓடிவிட முடிவு செய்தாள். அண்ணனின் பழைய சட்டையில் இரண்டு துணியைச் சுருட்டி வைத்தாள். ஒவ்வொரு நாளும், நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அவளுக்கும் கிடியனுக்கும் சேர்ந்தாற்போல் இன்னும் ஒரு நான்கு குதிரைச் சவாரி வரும், அது முடிந்ததும் போய்விடலாம். ஆறாவது நாள் கிடியன் கிரான்தமுக்குத் தனியே ஒரு சாரட்டை ஓட்டிக்கொண்டு போனான். மத்தியானம் திரும்பி வந்தவனுடைய தொப்பியில், படையில் சேர்ந்தவர்கள் கட்டும் ரிப்பன் இருந்தது.

முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். அவன் இறங்கக்கூட இல்லை. குதிரைமேல் இருந்தபடியே சொன்னான்:

“ஏமஸோட முறை. அந்த முறை என்னுது.”

வாளி வைத்திருந்தவன் வாளியோடு நின்றான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

அன்று சாயங்காலமே அவள் காத்திருந்த நான்கு குதிரைச் சவாரி வந்தது. போகும்போது அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது, மைல்கல் தாண்டி, மேட்டின் உச்சியில் குதிரையை நிறுத்தினாள்.

“கிடியன், நான் ஏமஸ் இல்ல.”

“தெரியும்.”

“இல்ல, உனக்குத் தெரியாது. நான்…”

“பொண்ணு. தெரியும்.” அவன் தன் குதிரையின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். “முதல் குளிர்காலத்துல இதே மேட்டுல பனியில வழுக்கி விழுந்தியே. வலிச்சா ஆம்பளை ஊரே நாறுற மாதிரி வைவான். நீ ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு எனக்கு ஆறுதல் சொன்னே. அப்புறம் பதினோரு மைல், பதினோரு மைலா நாலு வருஷம் உன் முதுகையே பாத்துட்டு வந்திருக்கேன். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

“தெரிஞ்சுமா சொல்லாம இருந்தே?”

“நீ சொல்லலியே. உன் கையில இருக்கற கடிவாளத்தை நான் எப்படிப் பிடுங்கறது?”

“பாவி, அந்தச் செவ்வாக்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பேரை அடிச்சிருப்பாங்க! பொண்ணைப் படையில சேப்பாங்களா? யாருமே போயிருக்க வேண்டாமேடா!”

அது அவனுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆள் மாறாட்டத்துக்கு அவளைச் சிறையில் போடுவார்கள் என்று அவன் நினைத்திருந்தான். அந்தப் பயத்திலேயே நாள் எண்ணி, அவளிடம் சொன்னால் தடுப்பாள் என்று, சொல்லாமல் போய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான். நொண்டிக் குதிரையைப் பார்த்த உடனே கண்டுபிடிக்கிறவன்.

“எனக்குச் சட்டம் தெரியாது” என்றான். பிறகு, “உன் பேரு என்ன?”

“கெசியா.”

“கெசியா” என்று சொல்லிப் பார்த்தான். குதிரையைக் கிட்டே கொண்டுவந்தான். அவளுடைய தொப்பியை எடுத்தான். இருவருக்கும் நடுவில் இரண்டு இரும்புக் காப்பும் ஒரு குதிரையின் விலாவும் இருந்தன. அது பெரிய இடைஞ்சலாக இல்லை.

படையில் போய்ச் சேர அவனுக்கு ஜனவரிவரை தவணை இருந்தது. நவம்பரில் மூன்று ஞாயிறு பாதிரியார் கல்யாண ஓலை வாசித்தார்: இந்த ஊரைச் சேர்ந்த, மணமாகாத கிடியன் லாமிங்குக்கும், இந்த ஊரைச் சேர்ந்த, மணமாகாத கெசியா ட்ரூரிக்கும். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். தடை சொல்வதற்கு ஆள் யாரென்று தெரிய வேண்டுமே. “ஏமஸோட தங்கச்சி போலிருக்கு”, “சதுப்பு நிலத்துக்காரி, முகம் எப்படியோ” என்று முதல் இரண்டு வாரம் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது ஞாயிறு சமையற்கட்டுப் பெண்ணிடம் கடன் வாங்கிய நீலக் கவுனில் கெசியா தேவாலயத்துக்குள் நடந்து வந்தாள். நடை மட்டும் இன்னும் பூட்ஸ் நடை.

பாதிரியார் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஸ்கெல்டன் எழுந்தே நின்றுவிட்டார்.

வெளியே வந்ததும் அவர்தான் முதலில் பிடித்துக்கொண்டார். “நாலு வருஷம் என் பக்கத்துலதானடா படுத்திருந்தே… அடியே! நான் தூக்கத்துல என்னென்ன உளறினேனோ?”

“உங்க பொண்டாட்டி பேரைத்தான் சொன்னீங்க அண்ணே.”

“அப்பாடா.”

“மேரின்னு சொன்னீங்க.”

“அவ பேரு மார்த்தாடி!”

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கல்லறைத் தோட்டத்துக் காக்கைகள் எழும்பின. மிஸஸ் பாக்லிங்டன் சிரிக்கவில்லை. குடையை ஊன்றி நின்றாள்.

“நீ நல்லா ஓட்டினே. அதை யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது. ஆனா என் முற்றத்துல பாவாடை குதிரையேறாது.”

“தெரியும் எஜமானியம்மா.”

“தெரிஞ்சா சரி. கல்யாணத்துக்கு ஒரு பன்றித் தொடை அனுப்பறேன்.”

ஜனவரியில் அவனோடு லிங்கன் நகரத்துப் படைவீட்டுக்குப் போனாள். இருபது ஆண்கள் படுக்கிற அறையின் மூலையில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டால் அது வீடு. போர்வைக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இவர்கள் வீட்டுக்குள் கேட்கும். பகலெல்லாம் சிப்பாய்களின் சட்டைகளைத் துவைத்தாள். குதிரைகள் அதிகாரிகளுக்கு மட்டும். ஆனாலும் இரவில் போர்வைக்கு உள்ளே அவன் காதோடு “கெசியா” என்று கூப்பிடுவான். நான்கு வருஷம் கூப்பிடாததற்கும் சேர்த்துக் கூப்பிட்டான். அது போதும் என்று இருந்தாள். வயிற்றில் பிள்ளை நின்றது.

மாவட்டப் படை அயல்நாட்டுச் சண்டைக்குப் போகாது. அது அவர்களுக்குப் பெரிய தைரியம். ஏப்ரலில், ஸ்பெயினில் சண்டையிடும் பெரும்படையிலிருந்து ஒரு சார்ஜன்ட் ஆள் பிடிக்க வந்தான். பீர் வாங்கிக் கொடுத்தான், பாட்டுப் பாடினான், ஸ்பெயினில் ஆரஞ்சுப்பழம் தரையில் கிடக்கும் என்றான். கிடியன் அசையவில்லை. ஆனால் அந்த வாரம்தான் அவர்களுடைய கேப்டன், அடுத்த மாதம் படை அயர்லாந்துக்கு மாறுகிறது, பிள்ளை உண்டான பெண்கள் ஊருக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

கிடியன் அந்தச் சார்ஜன்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “பொண்டாட்டியும் வரலாமா?”

“வராம? ராஜா செலவுல கப்பல் சவாரி! கூட்டிட்டு வாடா.”

மறுநாள் அணிவகுப்பில், பெரும்படைக்கு வருகிறேன் என்று அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். சார்ஜன்ட் சொன்னது பொய்யும் அல்ல. நூறு சிப்பாய்க்கு ஆறு மனைவிகள் போகலாம். ஆறு.

அந்த ஆறு என்ற சொல் அவர்கள் காதில் விழுந்தது போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில்தான். கப்பல் புறப்பட இரண்டு நாள் இருந்தது. அவர்களுடைய பிரிவில் பதினேழு மனைவிகள். காலைக் கஞ்சி முடிந்ததும் அவர்களை முற்றத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு வயதான சார்ஜன்ட் தன் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் மடித்த காகிதங்கள். புருஷன்மார்கள் எதிர்ச்சுவரோரம் நின்றார்கள்.

“‘போகலாம்’னு இருந்தா இந்தப் பக்கம் வா. ‘போகக் கூடாது’ன்னு இருந்தா அந்தப் பக்கம். அழறதெல்லாம் அப்புறம்.”

எழுத்துத் தெரியாதவர்களுக்கு முன்கூட்டியே யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: குட்டை வரி நல்லது, நீள வரி கெட்டது. முதல் பெண் பிரித்தாள், நீளம். இரண்டாவது, நீளம். மூன்றாவது நின்ற ஐரிஷ்காரிக்குக் குட்டை. அவள் காகிதத்தை முத்தமிட்டு, பிறகு இரண்டு பக்கமும் நின்றவர்களைப் பார்த்து வெட்கப்பட்டு, அதைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். கெசியா ஒன்பதாவது. தொப்பிக்குள் கையை விட்டாள். வயிற்றில் பிள்ளை உதைத்தது. ஒரு காகிதத்தைத் தொட்டு, அதை விட்டு, வேறொன்றை எடுத்தாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியும். படிப்பதற்கு முன்பே நீளம் தெரிந்துவிட்டது.

எதிர்ச்சுவரில் கிடியன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் நகரவில்லை. வரிசையில் நின்றபடி, எல்லோர் காதிலும் விழ, நான்கு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது:

“இந்த முறையை யாராச்சும் எடுத்துக்குவீங்களா?”

யாருக்கும் புரியவில்லை. ஐரிஷ்காரிக்கு மட்டும் புரிந்தது போலிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் சுவரோரம் ஒருத்தன் நின்றான் அல்லவா?

“நகரும்மா” என்றார் சார்ஜன்ட். அவர் குரல் கடுமையாக இல்லை.

கிடியன் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டான். “ஐயா, இவளை மாதிரிக் குதிரை ஓட்டுறவ இந்தப் பட்டாளத்துல யாருமில்ல. பீரங்கி வண்டிக்கு வெச்சுக்கங்க. கப்பல்ல அடித்தளத்துல, மூட்டை மேல…”

“வயித்தைப் பாத்துட்டுப் பேசுடா மகனே. கப்பல்ல பிரசவம் பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன். வரிசைக்குப் போ.”

அன்று மத்தியானம் துவைக்கிற கொட்டகைக்குப் பின்னால் அவள் தன் மூட்டையைப் பிரித்தாள். அடியில் கால்சட்டை இருந்தது, விடுதியின் மஞ்சள் மேல்சட்டையும் இருந்தது. முடியை வெட்டக் கத்தரி இரவல் வாங்கி வைத்திருந்தாள். புதுச் சிப்பாய் ஒருவன் கூடுதலாகக் கப்பலேறினால் யார் எண்ணப்போகிறார்கள்? நாற்பது மைல் நடந்து வந்து நான்கு வருஷம் ஒரு ஊரையே ஏமாற்றியவள்.

கிடியன் வந்து பார்த்தபோது அவள் கால்சட்டையை இடுப்புவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொத்தானுக்கும் அதன் துளைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

“மூச்சை இழுத்துப் பிடிச்சா?” என்றாள்.

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. மண்டியிட்டு அந்த இடைவெளியில் முகத்தை வைத்துக்கொண்டான். அவள் அவன் தலைமேல் கையை வைத்து, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“முதல் சீட்டு என் பேருக்கே விழல கிடியன்” என்றாள் பிறகு. “அது போன்னுச்சு. இது என் சொந்தப் பேருக்கு விழுந்திருக்கு, போகாதேங்குது.”

கால்சட்டையை மடித்து மூட்டைக்குள் அவனே வைத்தான்.

படகுகளில் ஏற்றும்போது பெண்களைக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். கூழாங்கல் கரையில் சிப்பாய்கள் வரிசையாக இறங்கினார்கள். எத்தனையோ ஆயிரம் மைல் அவர்கள் சேர்ந்து ஓட்டியிருக்கிறார்கள். எப்போதும் அவள் முன்னால், அவன் பின்னால். அவன் முதுகை அவள் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. இடது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது. கழுத்தின் பின்னால் முடி சுழித்திருந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் அவன் நின்றுவிட்டான். பின்னாலிருந்தவன் முட்டினான். அவன் கால் எழவில்லை என்பது அவளுக்கு அந்த முதுகிலிருந்தே தெரிந்தது.

“போ!” என்று கத்தினாள். “பின்னாடி நான் இருக்கேன்!”

தோள் நிமிர்ந்தது. படகில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை; மேட்டில் முன்ஜோடிக்காரன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

திருப்பி அனுப்பப்பட்ட மனைவிகளுக்கு ஊர் ஊராகக் காட்டிப் படிக்காசு வாங்கி நடந்து போக ஒரு சீட்டு கொடுத்தார்கள். அவளால் முழுதும் நடக்க முடியவில்லை. பாதி வழியில் ஓர் ஊரின் ஏழைகள் விடுதியில் பெண் குழந்தை பிறந்தது. ரூத் என்று பெயர் வைத்தாள். பிறகு காய்ச்சல். பிறகு பனி. கடாக்கொம்பு விடுதியின் முற்றத்துக்குள் அவள் நடந்து வந்தபோது பிப்ரவரியாகிவிட்டது.

மிஸஸ் பாக்லிங்டன் குழந்தையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். உள்ளே போய், கணப்பு மாடத்திலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். மூன்று மாதமாக அங்கே இருந்திருக்கிறது. பிரிக்கவில்லை.

எழுதியவன் ஒரு கார்ப்பொரல். ஸ்பெயின் மலையில் ஓர் ஆற்றைக் கடக்கும்போது சாமான் ஏற்றிய கோவேறு கழுதை ஒன்று சுழலில் மாட்டிக்கொண்டது. விடு என்று எல்லோரும் கத்தினார்கள். லாமிங் கடிவாளத்தை விடவில்லை. கழுதை கரையேறிவிட்டது.

கெசியா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். ஸ்கெல்டன் குழந்தையை வாங்கிக்கொண்டார். அவருக்கு இப்போது பல் ஒன்றுதான்.

“எனக்கு வேலை வேணும் எஜமானியம்மா.”

“சமையற்கட்டுல…”

“குதிரை மேல.”

மிஸஸ் பாக்லிங்டன் லாயத்தைப் பார்த்தாள். பாதி ஆட்களைச் சண்டை கொண்டுபோயிருந்தது. “பாவாடை ஏறாதுன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “கால்சட்டைக்குள்ள யாரு இருக்காங்கன்னு நான் குனிஞ்சு பாக்கறதில்ல.”

அப்படித்தான் அவள் மறுபடி ஏறினாள். ஊருக்கெல்லாம் தெரிந்திருந்ததால் இப்போது அதற்கு வேஷம் என்று பெயரில்லை. நான்கு குதிரைச் சவாரி வந்தால் முன்ஜோடியைத்தான் கொடுத்தார்கள், இன்னமும் கனமில்லாதவள் என்று. முதல் சவாரியிலேயே மேட்டடியில் நின்றுவிட்டாள். சாரட்டுக்குள் இருந்தவர் கத்தினார், பின்னாலிருந்த புது ஆள் வைதான். அவள் எந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள் என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு பின்ஜோடியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிடியனின் இடம். முன்னால் போகிறவன் யாராக இருந்தாலும் பதினோரு மைல் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள். யாருக்கு வயிறு சரியில்லை, யார் வீட்டில் சண்டை, யார் அழுதுவிட்டு வந்திருக்கிறான், எல்லாம் அங்கே எழுதியிருந்தது. நான்கு வருஷம் அவன் எவ்வளவு பார்த்திருப்பான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மேடு வரும்போது முன்னால் இருப்பவனுக்குக் குரல் கொடுக்க வாயைத் திறப்பாள். சில நாள் வரும், சில நாள் வராது.

ரூத் நடக்கத் தொடங்கிய வசந்தத்தில், போனபார்ட் சிறைவைத்திருந்த தீவிலிருந்து தப்பி வந்துவிட்டான் என்ற செய்தி சாலையில் ஓடியது. மறுபடி பெயர் எழுதக் கான்ஸ்டபிள் வந்தார். இவர் புதியவர், அந்த வருஷம்தான் ஊருக்குக் குடிவந்தவர். முற்றத்தில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டார். கெசியா தொட்டியருகே குதிரை தேய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் மேல்சட்டை, கால்சட்டை, வலது காலில் இரும்பு.

கான்ஸ்டபிள் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

“கெசியா லாமிங்” என்றாள். முற்றம் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள். “பொண்ணு. பேரு எழுத வேண்டாம்.”

கான்ஸ்டபிள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

“சரிம்மா, சரி” என்றார் அவர். “எதுக்கும்மா இவ்வளவு சத்தம்?”

தூரிகையை எடுத்துக்கொண்டு குதிரையின் மறுபக்கத்துக்குப் போனாள்.